இழுத்த கை

நடக்க வைப்பதற்காகக் கொண்டுவந்த நாய், நடக்கவே நடக்காத நாயாக வாய்த்தது.

அவன் தெருமுனையில் இரண்டு நாற்காலி போட்டு சலூன் நடத்திக்கொண்டிருந்தான். மனைவி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் வேலை பார்த்தவள். ஏழு வயது மகள் பள்ளிக்கூடம் போகும் வழியில் வண்டி மோதி இறந்து பத்து மாதம் ஆகியிருந்தது. முதல் வாரம் யார் யாரோ மனைவியைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனார்கள், கூட்டிவந்தார்கள். அதற்குப் பிறகு அவள் மூன்றாம் மாடி வீட்டின் வாசலைத் தாண்டவில்லை. கடைக்காரர் மூன்று மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு ஆள் போட்டுக்கொண்டார்.

"வாம்மா, கீழே ஒரு நடை போயிட்டு வரலாம்" என்று அவன் தினமும் கூப்பிட்டான். கையைப் பிடித்தும் இழுத்துப் பார்த்தான். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாள். கடைசியில் மருத்துவர்தான் சொன்னார், ஒரு நாய் வளர்த்துப் பாருங்கள், அதற்காகவாவது வெளியே போய்த்தானே ஆக வேண்டும் என்று.

நாய்க் காப்பகத்தில் துள்ளிக் குதித்த நாய்களை எல்லாம் விட்டுவிட்டு, கடைசிக் கூண்டில் சுவரைப் பார்த்துச் சுருண்டு கிடந்த ஒன்றை அவன் ஏன் கைகாட்டினான் என்று அவனுக்கே தெரியாது. வீட்டிலும் ஒருத்தி அப்படித்தான் படுத்திருக்கிறாள் என்பது அப்போது தோன்றவில்லை.

"அண்ணா, யோசிச்சுக்கோங்க" என்றார் காப்பகத்தில் நாய்களைப் பழக்கும் பெண். "இது ஒரு கிடங்குல அஞ்சு வருஷம் சங்கிலியில கெடந்தது. கழுத்தைப் பாருங்க, முடியே இல்லை. நடக்கிறதுன்னா என்னன்னே இதுக்குத் தெரியாது."

"பரவாயில்லைங்க. எங்க வீட்டுலயும் யாருக்கும் அவசரம் இல்லை" என்றான்.

ஆட்டோவிலிருந்து மூன்று மாடி தூக்கிக்கொண்டுதான் ஏறினான். இறக்கிவிட்ட இடத்திலேயே அது நான்கு காலையும் மடக்கி, வாலை உள்ளே செருகி, ஒரு மூட்டை போலக் கிடந்தது. மனைவி சமையலறை வாசலிலிருந்து கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நாயைக் கேட்டா பொட்டலத்தைக் கொண்டுவந்திருக்கீங்க."

பல மாதங்களில் அவள் பேசிய முதல் கேலிப் பேச்சு அது. நாய்க்குப் பொட்டலம் என்றே பெயர் நின்றுவிட்டது.

அன்று மாலையே அவன் கழுத்துப் பட்டையில் கயிற்றை மாட்டி வாசலுக்கு இழுத்தான். நகங்கள் தரையைக் கீறிக்கொண்டு வந்தன. கழுத்து நெரிபட்டு நாய் கரகரவென்று இருமியது. நடக்க மட்டும் செய்யவில்லை. "விடுங்க அதை" என்றாள் மனைவி. அவன் விடவில்லை. "ஒரு தடவை வெளிய வந்துட்டா சரியாயிடும்" என்று இன்னொரு முறை இழுத்தான். நாய் நின்ற இடத்திலேயே சிறுநீர் விட்டது. அவள் வந்து கயிற்றை அவன் கையிலிருந்து பிடுங்கிக் கொக்கியைக் கழற்றினாள். பிறகு தரையைத் துடைத்தாள். நாய் ஊர்ந்துபோய்க் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டது.

சலூன் விடுமுறை நாளில் பழக்கும் பெண் வீட்டுக்கு வந்தார். இடுப்பில் ஒரு சின்னத் துணிப்பை, அதில் வேகவைத்த கோழி, விரல் நுனி அளவுத் துண்டுகளாக. கட்டிலுக்கு அடியில் மெதுவாகக் கைவிட்டு நாயின் கழுத்துப் பட்டையைக் கழற்றி அவன் கையில் கொடுத்துவிட்டு, மார்பைச் சுற்றி மாட்டும் பட்டை ஒன்றைச் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் தரையில் போட்டார்.

"இன்னைக்கு இது மாட்டுறதுக்கு இல்லை. சும்மா கெடக்கட்டும். இதை மோந்து பார்த்தா ஒரு துண்டு. தானா மூக்கை நுழைச்சா ரெண்டு துண்டு. மாட்டுறதுக்கே ஒரு வாரம் ஆகும். அப்புறம் கயிறு. கயிறு எப்பவும் தொங்கிக்கிட்டுத்தான் இருக்கணும். இறுகிச்சுன்னா நின்னுடுங்க. இழுக்காதீங்க. அது தானா உங்களைத் திரும்பிப் பார்க்கும். பார்த்த அந்த நொடியே கொடுங்க."

"அது திரும்பிப் பார்க்கலைன்னா?"

"காத்திருங்க."

"எவ்வளவு நேரங்க?"

"அது பார்க்கிற வரைக்கும்" என்று சிரித்தார் அவர். "இழுத்தா அது எதிர்ப்பக்கம்தான் இழுக்கும் அண்ணா. வீம்பு இல்லை அது, உடம்போட சுபாவம். எங்க, கையைக் கொடுங்க."

அவன் கையை நீட்டினான். அவர் மணிக்கட்டைப் பிடித்து வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுத்தார். அவன் உடம்பு தன்னால் பின்பக்கம் சாய்ந்தது.

"பார்த்தீங்களா? நீங்க யோசிச்சா செஞ்சீங்க? எந்த உசிரா இருந்தாலும் இப்படித்தான். பின்னால போகும்."

அவன் சிரிக்க முயன்றான். முடியவில்லை. "இதோ வரேன்" என்று எழுந்துபோய்க் குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டான். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் நின்றான்.

அவனைத் தவிர யாருக்கும் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது.

மகள் இறந்த அன்று காலை சலூன் வாசலில் ஒருவர் காத்திருந்தார். வேலைக்கான நேர்முகத் தேர்வு, ஒன்பது மணிக்குள் முடி வெட்டிவிட வேண்டும் என்று இரண்டு முறை போன் செய்துவிட்டார். பள்ளிக்கு அவன் கூட்டிப்போன மகள் சாலை நடுவில் நின்றாள். "அப்பா, ஷூ கழண்டுடுச்சு." அந்தப் பக்கம் போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லி அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். அவள் பின்னால் சாய்ந்தாள். அவன் இன்னும் பலமாக இழுத்தான். வேர்த்திருந்த அந்தச் சின்னக் கை அவன் பிடியிலிருந்து வழுக்கியது. இரண்டு எட்டுப் பின்னால் போய் விழுந்தாள். சரக்கு வண்டி அந்தப் பக்கமிருந்து வந்தது.

போலீஸ்காரர் கேட்டபோது, "கையை உதறிட்டு ஓடிட்டா" என்று அவன் வாய் சொன்னது. மனைவியிடமும் அதையே சொன்னான். பிறகு கேட்டவர்கள் எல்லோரிடமும் சொன்னான்.

குழாயை மூடிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது மனைவி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். நாய் கட்டிலுக்கு அடியிலிருந்து மூக்கை மட்டும் நீட்டி மார்புப் பட்டையைத் தொட்டது.

"சமத்து" என்றாள் அவள், துண்டை நீட்டி.

மகள் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைத்தால் சொல்கிற வார்த்தை. அதே குரலில்தான் சொன்னாள். அவன் வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டான்.

நாய்க்குக் கற்றுக்கொடுக்கும் வேலையை அவள் தன்னுடையதாக எடுத்துக்கொண்டாள். அவன் காலையில் சலூனுக்குப் போய்விடுவான். மத்தியானம் சாப்பிட வரும்போது அன்றைய நிலவரத்தைச் சொல்வாள். பட்டையை மாட்ட எட்டு நாள். கயிறு தரையில் இழுபடக் கூடத்தைச் சுற்றிவர இன்னொரு வாரம். வாசல்படிதான் பெரிய மலை. ஒன்பது நாள் நாய் படிக்கு உள்ளேயே நின்று, கழுத்தை மட்டும் நீட்டி, அவள் வெளியே வைத்த துண்டை எடுத்துக்கொண்டு பின்வாங்கியது. பத்தாவது நாள் துண்டை இன்னும் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டியிருந்தது. அவள் எட்டி வைத்துப் பார்த்தாள். கை எட்டவில்லை. அவளே படியைத் தாண்டினாள்.

அதை அவனிடம் சொல்லும்போது, நாய் தாண்டியதைத்தான் சொன்னாள். அவனும் நாயைத்தான் பாராட்டினான்.

மூன்று மாடிக்கு ஐம்பத்து நான்கு படி. தினமும் காலையில் நாயும் அவளும் ஒரு படி, அரைப் படி என்று இறங்கினார்கள். இரண்டாம் மாடியில் குடியிருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பார்.

"என்னம்மா, வண்டி இன்னைக்கு எந்த ஸ்டேஷன்ல நிக்குது?"

"நேத்து எட்டாவது படி. இன்னைக்கு மூணாவதோட திரும்பிடுச்சுங்க."

"இருக்கட்டும், இருக்கட்டும். எத்தனை தபால் திரும்பி வந்திருக்கு எங்களுக்கு. மறுபடி அனுப்ப வேண்டியதுதான்."

அவள் சிரித்தாள் என்று தபால்காரரே சலூனுக்கு வந்து அவனிடம் சொன்னார். அவன் அவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தான். கத்தியை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கண்ணாடியைப் பார்த்து நின்றான்.

மகள் இறந்து ஒரு வருடம் ஆன நாள் காலையில் அவன் கடை திறக்கவில்லை. மூவரும் இருபதாவது படியில் உட்கார்ந்திருந்தார்கள். நாய் அவள் மடியில் மோவாயை வைத்திருந்தது. அவள் அதன் கழுத்தில் முடி இல்லாத இடத்தைத் தடவிக்கொண்டே பேசினாள்.

"அன்னைக்குப் பச்சை ரிப்பன் வேணும்னு கேட்டா. நான் தேடல. நேரமாச்சு, இதையே கட்டிக்கோன்னு அனுப்பிட்டேன். முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டுத்தான் போனா."

அவன் படியில் கிடந்த நாய் முடி ஒன்றை எடுத்து விரலில் சுற்றினான்.

"அவ ரோட்டுல ஓடுற பிள்ளையே இல்லை. உங்களுக்கே தெரியும். அன்னைக்கு ஏன் ஓடணும்? ரிப்பனுக்குத்தான் திரும்பி ஓடி வந்திருக்கா. வீட்டுக்கு, என்கிட்டதான் வந்துக்கிட்டு இருந்திருக்கா. அதான் நான் வெளிய போறதில்லை. நான் இல்லாத நேரத்துல வந்துட்டாள்னா? பைத்தியக்காரத்தனம்தான். தெரியுது. ஆனா கால் நகர மாட்டேங்குது."

சொல்லிவிட வேண்டிய இடம் அது. நாக்கு நுனி வரை வந்தது. கீழே யாரோ சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டது. "ரிப்பனால எல்லாம் இல்லைம்மா" என்று மட்டும் சொன்னான். அது ஆறுதலுக்குச் சொல்வது போலத்தான் அவளுக்குக் கேட்டிருக்கும்.

இன்னும் ஒரு மாதத்தில் அவர்கள் ஐம்பத்து நான்கு படியையும் இறங்கி, கட்டடத்தின் இரும்புக் கேட் வரை வந்துவிட்டார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை முதல்முறையாகத் தெருவில் கால் வைப்பதாகத் திட்டம். அவளுக்கு உள்ளங்கை வேர்த்தது. "கயிறை நீங்க பிடிங்க, நான் துண்டை வெச்சுக்கிறேன்" என்றாள்.

நாய் கேட்டைத் தாண்டி முன்னங்கால் இரண்டையும் வைத்துவிட்டது. வெயிலை மோந்து பார்த்துக்கொண்டு நின்றது. அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. கடை வாசலில் இரண்டு பேர் நிற்கிறார்கள் என்று பக்கத்துக் கடைக்காரர். "வந்துட்டேன், வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே, என்ன செய்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல், கயிற்றை வெடுக்கென்று இழுத்தான்.

நாய் பின்னால் சாய்ந்தது. அவன் மறுபடி இழுத்தான். அது தரையோடு படுத்து, முதுகை வளைத்து, பட்டையிலிருந்து உருவிக்கொண்டு, ஐம்பத்து நான்கு படியையும் தாவி ஏறி ஓடிவிட்டது. அவன் கையில் வெறும் பட்டை தொங்கியது.

"ஏன் இழுத்தீங்க?" என்றாள் அவள். கோபம்கூட இல்லை அந்தக் குரலில். நம்ப முடியாமல் கேட்டாள். "தானா வந்துக்கிட்டுதானே இருந்தது. ஏன் இழுத்தீங்க?"

"அன்னைக்கும் இழுத்தேன்."

"என்னைக்கு?"

"பாப்பாவை."

அவள் அவனையே பார்த்தாள்.

"அவ ஓடலைம்மா. ஷூ கழண்டுடுச்சுன்னு நின்னா. கடைக்கு நேரமாச்சுன்னு நான் கையைப் பிடிச்சு இழுத்தேன். வரமாட்டேன்னு சாஞ்சா. இன்னும் இழுத்தேன். கை வழுக்கிடுச்சு. ஓடிட்டான்னு சொன்னது பொய்."

அவள் கடைசிப் படியில் உட்கார்ந்தாள். மேலே கதவு நிலையை நாய் பிறாண்டும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"அப்போ அவ என்கிட்ட வரலையா?"

"இல்லை."

"ரிப்பனுக்கு இல்லையா?"

"இல்லைம்மா. அவ ரிப்பனை அப்பவே மறந்துட்டா. வழியெல்லாம் வேற என்னமோ பேசிக்கிட்டுத்தான் வந்தா."

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பதிமூன்று மாதமாக இல்லாத அழுகை அது, சுவரில் மோதித் திரும்பியது. தபால்காரர் கதவைத் திறந்தார். மேலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் மூடிக்கொண்டார். அவன் தோளைத் தொடப்போனான். அவள் விலகினாள்.

"இழுத்ததுக்காக உங்களை ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றாள், வெகுநேரம் கழித்து. "நானும் எத்தனையோ தடவை இழுத்திருக்கேன். எல்லாரும்தான் பிள்ளைங்களை இழுக்கிறாங்க. ஆனா நான் அந்தப் பச்சை ரிப்பனை அப்புறமா தேடி எடுத்து, ஒரு வருஷமா கையில வெச்சுக்கிட்டுப் படுத்திருந்தேனே. நீங்க பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? தினமும் பார்த்தீங்களே."



மறுநாள் காலை அவள் ஒரு பையில் துணிகளை எடுத்துக்கொண்டாள். அதே ஊரில், ஆறு பஸ் நிறுத்தம் தள்ளி, அவளுடைய அக்கா வீடு. தரைத்தளம், பின்னால் கொஞ்சம் மண் தரை. நாய் மறுபடி கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அவள் குனிந்து அதனிடம் என்னவோ சொன்னாள். பிறகு அவனைப் பார்க்காமல் பேசினாள்.

"தூக்கிக்கிட்டுப் போக மாட்டேன். வேண்டாத இடத்துக்கு அதை எல்லாரும் தூக்கிக்கிட்டுத்தான் போயிருக்காங்க. நடக்கட்டும். நீங்க முதல்லேருந்து ஆரம்பிங்க. தெருமுனை வரைக்கும் நடந்ததும் எனக்குப் போன் பண்ணுங்க. வந்து கூட்டிக்கிட்டுப் போறேன்."

"நீ திரும்பி வரமாட்டியா?"

"தெரியலைங்க."

ஐம்பத்து நான்கு படியையும் தனியாக இறங்கினாள். அவன் ஜன்னலிலிருந்து பார்த்தான். கேட் அருகே கொஞ்சம் தயங்கினாள், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு. பிறகு கையை எடுத்துவிட்டுத் தெருவில் நடந்தாள். எந்த நாளுக்காக அவன் தவம் கிடந்தானோ அந்த நாள் அப்படித்தான் வந்தது.

அவன் முதலிலிருந்து ஆரம்பித்தான். மத்தியானம் இரண்டு மணி நேரம் சலூனை மூடிவிட்டு வீட்டுக்கு வருவான். கோழியை வேகவைத்து, எலும்பு நீக்கி, நகத்தளவு நறுக்குவான். நாய் அவனைக் கண்டாலே பின்வாங்கியது. பதினோரு நாள் அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான், கையைப் பின்னால் நீட்டி, உள்ளங்கையில் ஒரு துண்டோடு. பன்னிரண்டாம் நாள் உள்ளங்கையில் ஈரமான மூச்சுப் பட்டது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணீர் மட்டும் வந்தது, அசைந்தால் நாய் பயந்துவிடும் என்று துடைக்கவில்லை.

போனில் பழக்கும் பெண்ணிடம் கேட்டான். "ஒரு தடவை பயந்தது மறுபடி என்னை நம்புமாங்க?"

"சிலது நம்பும் அண்ணா. உங்களால செய்ய முடிஞ்சது ஒண்ணுதான், இனிமே ஒரு தடவைகூட இழுக்காம இருக்கிறது."

அவன் இழுக்கவில்லை. சலூனில் ஆட்கள் காத்திருந்தார்கள், போன் அடித்தது, ஒரு நாள் மழையில் இருவரும் பத்து நிமிடம் கேட் வாசலில் நனைந்துகொண்டு நின்றார்கள். கயிறு இறுகினால் நின்றான். நாய் திரும்பிப் பார்த்தால் கொடுத்தான். அவனுக்கு "சமத்து" என்று சொல்ல வாய் வரவில்லை, "ஆங்" என்று சொன்னான். நாய் அதையும் புரிந்துகொண்டது.

நான்கு மாதத்தில் பொட்டலம் தெருமுனைக்கு வந்தது. அதற்கு மறுநாள் சலூனுக்குள்ளேயே நுழைந்து, இரண்டாவது நாற்காலிக்குக் கீழே, முடிக் குவியலுக்கு நடுவில் படுத்துக்கொண்டது. வாடிக்கையாளர்கள் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, "புது ஆள் சேர்த்திருக்கீங்க போல" என்றார்கள். அவன் சிரித்தான். மாலையில் இருவரும் பக்கம் பக்கமாக, கயிறு தரையைத் தொட்டும் தொடாமலும் தொங்க, வீட்டுக்கு நடந்தார்கள்.

போன் செய்ய வேண்டும். செய்யவில்லை. இன்னும் நன்றாகப் பழகட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஒரு வாரம் போனது. இரண்டாவது வாரமும் போனது. நடுவில் அவளே கூப்பிட்டாள். "நடக்குதா?" என்று கேட்டாள். "இன்னும் கொஞ்சம் நாள் ஆகும்" என்றான்.

போனை வைத்துவிட்டு, காலடியில் தூங்கிய நாயைப் பார்த்தான்.  உடனே திரும்பக் கூப்பிட்டான்.

"நடக்குது. ரெண்டு வாரமா நடக்குது. பொய் சொல்லிட்டேன்."

 "சரி" என்றாள். "ஞாயித்துக்கிழமை வரேன்."

வந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். வேறொரு கண்ணாடிக் கடையில் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னாள். நாய் அவளைப் பார்த்ததும் உடம்பெல்லாம் ஆட, ஊளையிட்டுக்கொண்டே சுற்றிச் சுற்றி வந்தது. அவள் மாடி ஏறவில்லை. அவன்தான் கேட் அருகில் குனிந்து மார்புப் பட்டையை மாட்டினான். வார் அக்குளில் உரசாமல் இரண்டு விரல் நுழைகிற அளவுக்குத் தளர்த்தினான். கயிற்றை அவள் கையில் கொடுத்தான்.

"இடது பக்கம்தான் நடக்கும். லாரி வந்தா நின்னுடும். கொஞ்ச நேரம் விட்டா தானா வரும்."

"ம்."

"பிளாஸ்டிக் பை பறந்தா பயப்படும்."

"பார்த்துக்கிறேன்" என்றாள். பிறகு ஒரு கணம் அவனை நேராகப் பார்த்தாள். "நீங்க நல்லா சாப்பிடுங்க."

இருவரும் நடந்தார்கள். இருபது எட்டுப் போனதும் நாய் நின்றது. அவன் வரவில்லையே என்று திரும்பிப் பார்த்தது. கயிறு இறுகியது. அவள் இழுக்கவில்லை. அவளும் நின்றாள், தெருவைப் பார்த்தபடி, காத்திருந்தாள். நாய் அவனைப் பார்த்தது, அவளைப் பார்த்தது, மறுபடி அவனைப் பார்த்தது.

அவன் நிற்கிறவரை அது போகாது. ஒரு வார்த்தை கூப்பிட்டால் ஓடி வந்துவிடும். அவள் கயிற்றை விட்டுவிடுவாள் என்பதும் அவனுக்குத் தெரியும்.

அவன் கேட் தூணுக்குப் பின்னால் போய் மறைந்துகொண்டான். தூணில் முதுகைச் சாய்த்து, மூச்சுச் சத்தம்கூடக் கேட்காமல் நின்றான். மனதுக்குள் நூறு வரை எண்ணினான். பிறகு இன்னொரு நூறு.

எட்டிப் பார்த்தபோது தெருவில் யாருமில்லை. கடைச் சாவியை எடுத்துக்கொண்டு நடந்தான். சலூன் வாசலில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். "அவசரமாங்க?" என்று கேட்டான். "இல்லைங்க, மெதுவா வெட்டுங்க" என்றார் அவர்.